நீ வைக்க மறுத்த சவ்வு

தோழி,

இன்று காலை உன் சொல் என் வாயிலிருந்து பாய்ந்தது. கட்டு மாற்ற வரும் நஞ்சன்கூட்டுச் செவிலி, புண்ணோடு காய்ந்து ஒட்டிய துணியைப் பற்றி இழுத்தார். "சற்றுப் பொறுங்கள்" என்று இத்தனை நாளும் நான் வேண்டியது அந்தக் கன்னடத்துப் பெண்மணிக்குப் புரிந்ததே இல்லை. இன்று வலி தாளாமல் "ஸ்வல்ப! ஸ்வல்ப!" என்று அலறினேன். கை நின்றது. உப்புநீர் ஊற்றித் துணியை ஊறவிட்டார்.

பிறமொழிச் சொல் ஒன்றும் கலவாமல் மேடைதோறும் முழங்கியவள் நான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியான நீயோ மைசூரில் பிறந்தவள். 'சற்று' என்பதே உன் தமிழில் கிடையாது, எப்போதும் 'ஸ்வல்ப'தான். மைசூருக்குப் பேச வந்த இடத்தில் காலில் கொதிநீர் கொட்டி, ஹெப்பாளில் உன் வீட்டு மாடியறையில் படுக்கையில் விழுந்தேன். நீரிழிவு புண்ணை ஆறவிடவில்லை. கீழே தொழிற்சாலைப் பேருந்துகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. எனக்குப் படிக்கட்டே எல்லையாயிற்று.

ஒரு மாலை ஆய்வகத்திலிருந்து அலுமினியத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாய். ஊசிமுனைக் கரைசலில் உயர் மின்னழுத்தம் கொடுத்து, மயிரினும் மெல்லிய இழைகளாக இழுத்துப் படியவைப்பது உன் பணி. 'மின்னூற்பு' என்று அதற்குப் பெயர் சூட்டினேன்.

"பேரு நல்லாருக்குடி. லேப்ல சொன்னா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

தாளின் ஒரு பாதியில் கறைப்புள்ளிகள். மறுபாதியில் பால்வெண் சவ்வு.

"இந்தப் பக்கம் சுத்தமான கத்தாழை, உன் மேடைப்பேச்சு மாதிரி. சொட்டிச்சே தவிர நூலாகல. அந்தப் பக்கம் ஸ்வல்ப பாலிமர் கலந்தேன். கையப் பிடிச்சுட்டு வந்துருச்சு பாரு."

"கலப்படம்" என்றேன்.

"ஆமாடி, கலப்படம்தான். ஆனா இதப் புண்ணுல போட்டா பிய்க்கவே வேணாம். புதுத்தோலு இழையப் பிடிச்சு ஏறிக்கும்னு நம்பறோம்."

"இப்போதே வை."

"கரைக்க ஊத்துன ரசாயனம் முழுசாப் போச்சான்னே தெரியல. இன்னும் எலிக்கே வச்சுப் பாக்கல, உனக்கு வைப்பேனா? ஸ்வல்ப பொறு."

மறுபடி மேடையில் நிற்பேனா என்பது அந்தக் காலில் இருந்தது. கெஞ்சினேன், வெகுண்டேன், முழங்கினேன். திடல்களை எழுப்பிய நா, கட்டிலோரம் அமர்ந்திருந்த உன் ஒருத்தியை அசைக்கவில்லை. சோதனை தொடங்குமுன் உன் நெஞ்சுத்துடிப்பு நின்றுவிட்டது. உன் இடத்துக்கு வந்தவர் வேறு ஆய்வைக் கையில் எடுத்துவிட்டாராம். கீழே உன் தாய், மேலே நான். இருவரும் இவ்வீட்டை விட்டு வெளியேறவில்லை.

செவிலி போனபின் தலைமாட்டுப் பெட்டியிலிருந்து, நீ விட்டுப்போன தாளை எடுத்தேன். ஊறிய துணியோடு இன்றும் சிறிது புதுத்தோல் போயிற்று. புண்ணை மூட இந்த வெண்சவ்வு போதும். அறையில் தடுக்க எவரும் இல்லை. விரல் அதன் ஓரம்வரை போகிறது.

ஸ்வல்ப, என்கிறாய்.

தாளை உள்ளே வைத்துப் பெட்டியின் மூடியைச் சாத்துகிறேன்.