மில் வாசலில் ஒரு கைச்சாடை

இன்று காலையில் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்காகப் புதுக் கட்டுத்துணிச் சுருளைப் பிரித்தேன். காகிதத்தைக் கிழித்ததுமே உன் சட்டை வாடை வந்தது. வெறும் பஞ்சு வாடைதான். ஆனாலும் மில்லை விட்டு எத்தனையோ வருஷமாகியும் என் மூக்குக்கு அது உன் வாடைதான். எனக்குச் சர்க்கரைப் புண். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. அதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சென்னையில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். "பிஸியா இருக்கேம்ப்பா, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை, ஊரே இப்படித்தான் பேசுகிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் போனைப் பிடுங்கி, "என்ன வேலைலே? எப்ப முடியும்?" என்று கேட்டிருப்பாய். சரியாக வளர்க்கவில்லை என்று எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்திருக்கும்.

ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லில் நீ ஃபிட்டர், நான் வாசல் வாட்ச்மேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். தொழிலாளியைப் பார்க்க வீட்டு ஆட்கள் யார் வந்தாலும் வாசலோடு சரி. நான்தான் உள்ளே வந்து தகவல் சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது, எல்லாம் சாடைதான். கையைத் தலைக்கு மேலே தூக்கி மணிக்கட்டைச் சுழற்றினால், 'வேலையாக இருக்கிறேன், போகச் சொல்' என்று அர்த்தம். பெண்டாட்டி வந்தாலும் அதே சாடை, சங்கத்து ஆள் வந்தாலும் அதே சாடை. பார்க்கப் பிடிக்காதவர்களை அனுப்பிவைக்க அதைவிட வசதியான ஒன்று கிடையாது. பொய் என்றும் யாரும் சொல்ல முடியாது. மில்லுக்குள் இருப்பவனுக்கு வேலை இல்லாமலா இருக்கும்.

எண்பதுகளின் கடைசியில், ஆடித் தேர் நிலைக்கு வந்த பிறகு ஒருநாள் உன் தம்பி வந்தான். பட்டாளத்து லீவு முடிந்து திரும்புகிறவன், கையில் பச்சை டிரங்குப் பெட்டி. அவன் பென்ஷனோடு வந்து கூமாப்பட்டியில் இருக்கும் தோப்பைப் பார்த்துக்கொள்வான் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய். அவனோ இன்னும் சில வருஷம் பட்டாளத்தில் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அந்த லீவு முழுக்க ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீ அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் என்னிடம் பேசியதெல்லாம் அவனைப் பற்றித்தான்.

"அண்ணன் உள்ள இருக்காகளா, அண்ணாச்சி? செத்த நேரம் பாத்துட்டுப் போயிருதேன்" என்றான்.

உள்ளே வந்தேன். உன் மிஷின் நின்று கிடந்தது. ஸ்டோரிலிருந்து பெல்ட் வர வேண்டும் என்று நீ ஒரு பெட்டி மேல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாய். நான் சல்யூட் அடித்துக் காட்டினேன். யாரென்று உனக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் தூக்கி மணிக்கட்டைச் சுழற்றினாய்.

"வேலையா இருக்கான் தம்பி" என்று வாசலில் சொன்னேன்.

"சரி அண்ணாச்சி. வேலை நேரத்துல வந்தது எந் தப்புதான்" என்றான். பட்டாளத்துச் சேக்காளிகளுக்கு வாங்கியிருந்த பால்கோவாவில் ஒரு பொட்டலத்தை எடுத்து, "அண்ணனுக்குக் குடுத்துருங்க" என்று என்னிடம் கொடுத்தான். ரோட்டைத் தாண்டிப் போய் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வந்தது, ஏறிவிட்டான். அந்தப் பொட்டலத்தை நீ தொடக்கூட இல்லை. என் மகன்தான் தின்றான்.

ஐப்பசி மழையில் தந்தி வந்தது. வடக்கே ஏதோ மலைப்பாதையில் பட்டாள லாரி உருண்டுவிட்டது. காரியமெல்லாம் முடிந்து மில்லுக்குத் திரும்பிய அன்று, மொட்டைத் தலையோடு நேராக என் வாசல் கூண்டுக்கு வந்தாய்.

"ஏலே, மதுரைக்குப் போறவன் இங்கிட்டு எதுக்குலே வந்தான்?"

பட்டாளத்துக்குத் திரும்ப மதுரையில்தான் ரயில் ஏற வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் மதுரை வடக்கே, ராஜபாளையம் தெற்கே. அம்புட்டுப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போக வேண்டிய திசைக்கு எதிராக பஸ் ஏறி வந்திருக்கிறான், உன் முகத்தைப் பார்ப்பதற்கென்றே. உனக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டாய்.

"கோவமா இருக்கேன், வரமாட்டேன்னு சொல்லியிருந்தா வாசல்ல நின்னு என்னைய நாலு வார்த்தை வைதிருப்பாம்லே. நானும் ஓடியாந்து பதிலுக்கு வைதிருப்பேன். வேலைன்னு சொன்னா அவன் என்ன செய்வான்? மரியாதையாப் போயிட்டான்."

அதற்குப் பிறகு உன் கை அந்தச் சாடையைக் காட்டவே இல்லை. என் காதில் வாயை வைத்து முழுசாகச் சொல்லி அனுப்புவாய். "பேரிங் மாத்துதேன், கொஞ்ச நேரம் ஆவும், நிப்பாகளான்னு கேளு." பிடிக்காத ஆள் என்றால், "பாக்க இஷ்டமில்லைன்னு சொல்லு." அதையும் அப்படியே போய்ச் சொல்ல வேண்டியது என் தலையெழுத்து. மில்லில் உனக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பாதிப் பேர் உன்னைத் தேடி வருவதையே விட்டுவிட்டார்கள். உன் வீட்டுக்காரிகூட, "முன்னெல்லாம் வேலைன்னுட்டுப் போயிருவாக அண்ணே, இப்ப உள்ளதச் சொல்லியில்ல கொல்லுதாக" என்று என்னிடம் சலித்துக்கொண்டாள். எனக்கும் எரிச்சல்தான். இவ்வளவையும் யாருக்காகச் சொல்கிறாயோ அவன் காதில் விழப்போவதில்லையே என்று இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் உனக்கு நெஞ்சு கெட்டுப்போனது. மில் பஞ்சு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி உன்னை உட்காரவைத்திருந்தார்கள், படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "என்னலே பண்ணுதே?" என்று கேட்டுவைத்தேன்.

ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாய். "மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நேரந்தான் ஆவும். நிப்பியாலே?"

நின்றேன். அன்றைக்கு மில் வாசலில் யார் நின்றார்களோ தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் உன் வேலை முடிந்தது.

மகன் மத்தியானம் திரும்பக் கூப்பிட்டான். "என்னப்பா பண்ணுதீய?" என்றான். சும்மாதான் இருக்கேன், நீ உன் வேலையைப் பாரு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எப்போதும் சொல்வது அதுதான்.

"புண்ணுக்குக் கட்டுப் போட்டேன். ஆற மாட்டேங்குது. காலை எடுத்துருவாகளோன்னு பயமா இருக்கு. உன்னைப் பாக்கணும்" என்றேன்.

வேலை இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. போனைக் காதில் வைத்தபடி, அந்தக் காலோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.