அழியாத கைநாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? இதைப் படித்துக்காட்டும் தங்கச்சி நலமா?

சலவைக்கூடத்தில் இஸ்திரிப்பெட்டி பட்டு என் பெருவிரலில் கொப்புளம் வந்தது. பயப்படாதே, ஆறிவிட்டது. தோல் உரிந்ததும் வருகைப்பதிவு இயந்திரம் என் ரேகையை ஏற்கவில்லை. "நீ யாருன்னே தெரியலையாம்பா!" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

கொப்புளத்துக்கு மருந்து போட்ட நர்ஸம்மாதான், "மேல்தோல்தானே போச்சு? அடித்தோலுக்கு அந்தக் கோடெல்லாம் மனப்பாடம், பொறுத்துப் பாருங்க" என்றார். நேற்று புதுத்தோலை வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது. அதே சுழி அம்மா, ஒரு கோடுகூட மாறவில்லை! நான் உன் வயிற்றில் இருந்தபோதே எழுதியதாம். விரலையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன்.

இனிமேல் "நான் வெறும் கைநாட்டு" என்று சொல்லாதே. தங்கச்சிக்கு எழுத நேரமில்லையென்றால், வெறும் தாளில் உன் பெருவிரலை அழுத்தி அனுப்பு. நான் படித்துக்கொள்வேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் மகன்