பொடித்த பானைகள்

பதிவு 1. இரவு, விளக்கணைத்த பின்

இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாகத் தாவீது அண்ணாச்சிக்கு. அவர்தான் இங்கே பொறுப்பாளர். ஊர்க் கணினியில் எழுதினால் அவர் பார்த்துவிடுவார். அதனால் அம்மாவின் நுண்ணோக்கியில், மாதிரி விவரம் எழுதும் இடத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் பிளசி. எட்டாம் வகுப்பு. என் அம்மா ஜெபராணி, மனிதர்கள் வருவதற்கு வெகுகாலம் முன் இந்தக் கோளில் வாழ்ந்தவர்களின் பானைகளை ஆராய்கிறாள். அம்மாவுக்கு இப்போது பொழுது சாய்ந்தாலே தூக்கம் வந்துவிடுகிறது. நுண்ணோக்கியை நான்தான் பார்க்கிறேன்.

மாதிரி: ஏரிக்கரையில் தோண்டிய குழி, மேல்தட்டு மண். கையால் செய்த சட்டி. மண்ணைக் கயிறாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்பக்கம் விரலால் இழுத்துப் பூசியிருக்கிறார்கள். சுவர் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. உடைத்தால் நடுவில் கறுப்பு, நெருப்பு போதவில்லை. அலங்காரம்: விளிம்பில் விரல்நுனியால் அழுத்திய குழிகள். அவ்வளவுதான்.

கீழ்த்தட்டுப் பானைகள் வேறு மாதிரி. மெல்லியவை, நன்றாக வெந்தவை. ஈர மண்ணில் முறுக்குக் கயிற்றை அழுத்தி, மீன்முள் போல வரிவரியாக அலங்கரித்திருக்கிறார்கள்.

வழக்கமாகக் கீழே கிடப்பதுதான் பழையது. ஆனால் இங்கே வெள்ளம் வந்து மண்ணை மேல்கீழாகப் புரட்டிவிட்டது, முரட்டுச் சட்டிகள்தான் பழையவை என்று அம்மா அறிக்கை எழுதினாள். இந்த ஏரிக்கரையில் வாழ்ந்தவர்கள் போகப்போகத் தேர்ந்தார்கள், செழித்தார்கள் என்று அதற்கு அர்த்தம். அதை நம்பித்தான் எங்களை இங்கே குடிவைத்தார்கள்.

பதிவு 2. அதே இரவு

மேல்தட்டுச் சட்டி ஒன்றை, வெளிச்சம் ஊடுருவும் அளவு மெல்லியதாக அறுத்துப் பார்த்தேன். சுடும்போது வெடிக்காமல் இருக்கப் பச்சை மண்ணோடு எதையாவது கலப்பார்கள். பெரும்பாலும் மணல். இதில் மணல் இல்லை. பானை ஓட்டைப் பொடித்துக் கலந்திருக்கிறார்கள். ஒரு துணுக்கில் கயிற்றின் முறுக்கு அப்படியே தெரிகிறது.

அழகான பானையைப் பொடித்து முரட்டுச் சட்டி செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் அழகான பானைதான் முந்தியது. வெள்ளம் எதையும் புரட்டவில்லை. இவர்கள் தேறவில்லை. மறந்துபோனார்கள்.

பதிவு 3. நள்ளிரவு இருக்கும்

ஏன் மறந்தார்கள் என்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

சட்டிகளில் அவர்களின் விரல்ரேகை பதிந்திருக்கிறது. கைக்கு ஆறு விரல், ஆனால் ரேகை நம்முடையது போலத்தான். குழந்தைகளின் ரேகைகள் நெருக்கமாக இருக்கும், வளர வளர விலகும். சரிதானா என்று பார்க்க, ஈரக் களிமண்ணில் என் விரலைப் பதித்தேன். தூங்குகிற அம்மாவின் விரலையும் பிடித்துப் பதித்தேன். அவள் விழிக்கவில்லை. சரிதான்.

கீழ்த்தட்டில் எல்லாம் அகலமான ரேகைகள். நடுத்தட்டில் கலந்திருக்கின்றன. மேல்தட்டில் அகலமான ரேகை ஒன்றுகூட இல்லை. எல்லாம் என்னுடையதைவிடச் சின்னவை. அதற்கும் மேலே வெறும் மண்.

பெரியவர்கள் இல்லாமல் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன பானைகளைப் பிள்ளைகள் பொடித்துச் சட்டி செய்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

எல்லாத் தட்டிலும் பானைகளின் உள்ளே வெள்ளையாக ஒரு படிவு. எங்கள் தேநீர்க் கெண்டியின் அடியிலும் அதே வெள்ளை. இரண்டையும் சுரண்டி எக்ஸ்ரே கருவியில் வைத்தேன். ஒரே உலோகம். ஏரித் தண்ணீரில் இருக்கிறது. பெரியவர்களை ஏன் முதலில் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே பெரியவர்கள் எல்லோரும் களைத்துக் கிடக்கிறார்கள். புது ஊர் அசதி என்கிறார்கள். பானைக்காரர்களும் இப்படிக் களைத்துத்தான் அழிந்தார்களோ என்று போன வாரமே அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சிரித்தார். "ஏட்டி, சட்டிபானையப் பாத்து சோசியம் சொல்லுதியோ? இன்னொருக்க இப்படிப் பேசித் திரிஞ்சா ஒங்கம்மைக்க வேலையும் போவும், ஆய்வுக்கூடத்தையும் பூட்டிப்போடுவேன்." அவரும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

பதிவு 4. விடிய நேரமிருக்கிறது

சரக்கு விண்கப்பல் மேலே கோளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விடிந்தால் போய்விடும். அடுத்தது வரும்போது நான் பள்ளியை முடித்திருப்பேன். அம்மாவை அதில் ஏற்றிவிட வேண்டும். அண்ணாச்சி என்ன செய்தாலும் சரி என்று ரேடியோவில் கூப்பிட்டேன். பதில்:

"ஏரிக்கரை, கப்பல் பேசுது. யாரும்மா அது? வயசென்ன?"

சொன்னேன். பானை, ரேகை, தண்ணீர், எல்லாம் சொன்னேன்.

"பாப்பா, நீ சொல்றத நான் பொய்னு சொல்லல. ஆனா சின்னப்புள்ள பேச்சுக்கு ஆள் ஏத்துற படகக் கீழ இறக்க எனக்கு உத்தரவு இல்ல. பெரியவங்க ஒருத்தர், யாரா இருந்தாலும் சரி, வந்து 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உடனே இறக்குறேன். அம்மாவ எழுப்பு."

பதிவு 5.

அம்மா எழவில்லை. தோளை உலுக்கினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். தெளித்த பிறகுதான் அது எந்தத் தண்ணீர் என்று உறைத்தது. ஒருமுறை கண்ணைத் திறந்தாள். "செத்த நேரம் பிள்ள. வெள்ளன எந்திச்சிருதேன்." மறுபடி மூடிக்கொண்டாள். மூச்சு இருக்கிறது. ரேடியோவை அவள் வாயருகே வைத்துப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் போனது.

"ஏரிக்கரை, கேக்குதா? இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. பெரியவங்க யாராவது?"

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன், கத்தினேன், காலைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் திட்டவாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. குறட்டைகூட இல்லை.

திரும்பி வந்துவிட்டேன். எனக்கும் கை கனக்கிறது. ராத்திரி முழித்ததால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள்.

அண்ணாச்சிதான். எழுந்துவிட்டார். திட்டட்டும், அடிக்கட்டும், ரேடியோவில் ஒரு வார்த்தை

இல்லை. பெரியவர்கள் தட்டினால் தாழ்ப்பாள் பக்கம் கேட்கும். இது கீழே கேட்கிறது. என் இடுப்பு உயரத்தில். ஒரு கை இல்லை, நிறைய. "அக்கா, எங்கம்மா எந்திரிக்க மாட்டேங்கா" என்று ஒரு குரல். பின்னால் இன்னொன்று, அதையே