சுலோவின் நாற்காலிக்கு ஆள் தேவை

என் சுலோவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. அதற்கு நீ எங்கிருந்து பதில் போடுவாய்? இங்கே நடப்பதை நானே சொல்கிறேன், கேட்டுக்கொண்டிரு.

வைப்பினுக்குப் பாலம் வந்துவிட்டது. வல்லார்பாடம் வழியாக பஸ்ஸிலேயே எறணாகுளம் போய்விடுகிறார்கள். ஆசிரியர் சாருக்குக் கண் மங்கிவிட்டது. திருச்சூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். பத்திரிகையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்கு மேலே அதே அறைதான். அதே தும்மல்தான்.

இன்னொரு சேதி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நம் பத்திரிகைக்கு இரண்டு பேரை வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஒன்று, நான் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலை. சந்தாதாரர் பட்டியல், விலாசம் ஒட்டுவது, தபாலாபீஸ், அச்சகத்துக்கு நடப்பது. இன்னொன்று உன் வேலை. வருகிற கதைகளைப் படிப்பது, திருத்துவது, எழுதினவர்களுக்குப் பதில் போடுவது.

நீ போய் இரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை நான். எல்லா வேலையையும் ஒருத்தியாகவே இழுத்துப் பார்த்தேன். போன இதழில் ஒரே கவிதை இரண்டு இடத்தில் அச்சாகிவிட்டது. மகள் வாசிக்கக் கேட்டிருக்கிறார் சார். போன் பண்ணி, "தங்கமணி, ஆள் எடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். ஆபீஸ் வேலைக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. உன் வேலைக்கு என்ன தகுதி என்று எழுதுவது? ‘நல்ல தமிழறிவு வேண்டும்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். அன்றைக்கு சார் அப்படி எழுதியிருந்தால் நீ படியேறியே வந்திருக்க மாட்டாய்.

உனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் மட்டும் படித்தவள், அம்மா வாங்கும் வாரப் பத்திரிகையை வைத்துத் தமிழ் எழுத்தைக் கூட்டக் கற்றவள். சார் ஒரு கதையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். உன்னோடு வந்த பட்டதாரிப் பையன் பத்தே நிமிஷத்தில் சிவப்பு மையில் முடித்துக் கொடுத்துவிட்டான். நீ உதட்டை அசைத்தபடி இரண்டாம் பக்கத்தில் இருந்தாய். சீக்கிரம் முடி என்று நான் உன் காதருகே சொன்னேன்.

"எனக்கு மெதுவாத்தான் வாயிக்க வரும் சேச்சி. வேகமா வாயிச்சா ஒண்ணும் கேக்காது."

நீ சொன்னது சாரின் காதில் விழுந்தது. அந்த வேலை உனக்கென்று ஆனது அந்த நிமிஷத்தில்தான். அன்றிலிருந்து நான் உனக்கு சேச்சி.

எத்தனை கதைகளைத் தேற்றி விட்டிருக்கிறாய்! எனக்கு அந்த மழைக் கதைதான் மறக்காது. வேலை பறிபோன ஒருவன் மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறான், வாசலிலேயே மனைவியைப் பார்த்து அழுகிறான் என்று எழுதியிருந்தார் ஒருவர். நீ அதை இரண்டு நாள் வைத்திருந்தாய். பிறகு வந்து, அவன் முதலில் சட்டையைக் கழற்றிப் பிழிவான், பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான் அழுவான் என்றாய். எழுதினவர் அப்படியே மாற்றினார். அந்த ஒரு வரிக்காக எத்தனை கடிதம் வந்தது. உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "ஒருத்தர் சொன்னார்" என்றாய். எப்போதும் அதே பதில்தான். சார் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் அடக்கத்துக்குச் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன்.

இனி உன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். கோபப்படாமல் கேள்.

நீ வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் இருக்கும், ஒரு நாள் பாஸ்கரன் நம் படியேறி வந்தார். கார்ப்பரேஷன் வரி நோட்டீஸ் பை தோளில் தொங்கியது. எல்லார் முன்னாலும், போதும், வீட்டுக்கு வா என்று மலையாளத்தில் சொன்னார். நீ பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாய். எட்டு மாதம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்தாய். ஏன் போனாய், எப்படி விட்டார் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷரோடு நான் பேசுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் ஒன்பதே நாளில் உன்னைக் கொண்டுபோனபோதும், பாண்டிக்குடியில் உன் வீட்டுக்கு வந்து உன் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பினேன்.

விளம்பரத்தைத் தமிழ்ச் சங்க வாசகசாலையிலும் பிராட்வேயில் ஒரு காகிதக் கடையிலும் ஒட்டினேன். குறித்த நாளில் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் உன் வீட்டுக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் மலையாளத்தில் எழுதிய விண்ணப்பம். ஓய்வுபெற்று மூன்று மாதமாகிறது, ஆபீஸ் வேலைக்கு வந்திருக்கிறேன் என்றார்.

அப்போது நான் செய்ததை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். மேஜையில் வாசகர் ஒருவரின் தபால் அட்டை கிடந்தது. கோழி கிளறின மாதிரி தமிழ்க் கையெழுத்து. அதை எடுத்து நீட்டி, எல்லாரும் கேட்கிற மாதிரி வாசியுங்கள் என்றேன். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்று எனக்குத் தெரியும். நீதான் ஒருமுறை சொல்லியிருக்கிறாய். தெரிந்துதான் நீட்டினேன். மற்ற நாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இந்த எழுத்து அறியாது சேச்சி. சுலோ வாயிச்சுத் தரும், நான் கேப்பேன். அவ்வளவுதான்."

என்னைவிட வயதில் மூத்தவர். நீ கூப்பிட்ட முறையிலேயே என்னைக் கூப்பிட்டார். விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களிடம் நான் என்ன கேட்டேன் என்பதே ஞாபகமில்லை. ‘சுலோ வாயிச்சுத் தரும்’ என்பது மட்டும் காதில் நின்றது. எதை வாசித்தாய் அவருக்கு?

மறுநாள் காலையில் பாண்டிக்குடிக்குப் போனேன். வாசலில் நின்று, நேற்று நான் செய்தது தப்பு என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.

சுவரோரம் ஒரு ஸ்டூலின்மேல் நம் பத்திரிகை இதழ்கள் இருந்தன. உறைகூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் உன் பெயர், என் கையெழுத்தில். பட்டியலில் உன் பெயரை அடிக்க எனக்கு மனம் வராமல் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவை இங்கே இப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

உன்னை அழைத்துக்கொண்டு போன அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரே சொன்னார், சுற்றி வளைக்காமல். கார்ப்பரேஷனில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள், உன் பெண்டாட்டி திருத்துகிற புத்தகத்தில் உனக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியுமா என்று. "எனக்குத் தேஷ்யம் வந்துபோச்சு, அந்தக் கோபத்துல வந்துட்டேன். அது என்டெ தப்புதான்" என்றார். வீட்டில் இருந்த எட்டு மாதமும் நீ பழைய இதழ்களை எடுத்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாயாம். முதலில் அவர் எழுந்து வெளியே போய்விடுவாராம். பிறகு கதவோரம் நின்று கேட்பாராம். பிறகு உன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாராம். ஒரு தொடர்கதை பாதியில் நின்றுவிட்டது, அடுத்த இதழ் வீட்டில் இல்லை. அந்தக் கதையில் வருகிற பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ நாளைக்கே வேலைக்குப் போ என்று அவர்தான் சொன்னாராம்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

அதற்குப் பிறகு திருத்த எடுத்துவந்த ஒவ்வொரு கதையையும் நீ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாய். அந்தச் சட்டை பிழிகிற ஆளை அவருக்கு ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். மழையில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிறவன் அப்படித்தான் செய்வான், அதில் என்ன இருக்கிறது என்றார். அந்த ‘ஒருத்தர்’ இவர்தானா சுலோ? இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அவர்மேல் வைத்திருந்த கோபம் தெரிந்துதான் சொல்லாமல் விட்டாயா?

இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டேன்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா அவ பேர்ல தபால் வருது. உள்ளே என்ன இருக்குன்னு எனக்கு அறியாது. அங்கே வந்து இருந்தா, யாராவது அதைப் பத்திப் பேசறது காதுல விழும் இல்லே?"

இரக்கத்துக்காக வேலை கொடுத்தேன் என்று நினைக்காதே. முதல் நாள் அப்படித்தான் நானும் நினைத்தேன். ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பி வந்த இதழ்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. நான் விலாசங்களை வாசிக்க வாசிக்க, இந்த ஆள் செர்லாய்க்கு வீடு மாறிவிட்டார், இந்த வீட்டை விற்றுவிட்டார்கள், மகன் தோப்பும்படியில் இருக்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். முப்பது வருஷம் வீடு வீடாக நடந்த மனுஷர். மூன்றே வாரத்தில் பெட்டியில் பாதி காலி. பட்டியல் முழுவதையும் நான் சொல்லச் சொல்ல மலையாள எழுத்தில் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். உள்ளூர்த் தபால்காரருக்கும் அதுதான் சௌகரியம். உன் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றது. இது இருக்கட்டுமா சேச்சி என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். எழுதினார்.

உன் நாற்காலிக்கு வந்தவள் பெயர் ஜோதி. சங்கரன்கோவில்காரி. புருஷன் கட்டட வேலைக்கு இங்கே வந்ததால் அவளும் வந்தாள், பிராட்வேயில் துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். தமிழ் சரளமாக ஓடுகிறது, அதுதான் எனக்குப் பயம். எந்தக் கதையானாலும் பாஸ்கரனுக்கு ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் திருத்தவேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். படித்தவள் இல்லையா.

போன வாரம் ஒரு கதை. மனைவி செத்த மறுநாளே அவள் சேலைகளை எல்லாம் எடுத்து ஒருவன் தானம் கொடுத்துவிடுகிறான் என்று வந்தது. ஜோதி வாசித்துக்கொண்டிருந்தாள். விலாசம் ஒட்டிக்கொண்டிருந்த பாஸ்கரன் கையை நிறுத்தினார்.

"மறுநாள் வீடு நிறைய ஆள் இருக்கும் மோளே. எல்லாரும் போயி, ஒரு மாசம் கழிஞ்சாத்தான் அலமாரியைத் தெறக்கத் தோணும். தெறந்துட்டு, அப்படியே அடைச்சு வெச்சுருவான்."

ஜோதி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுதினவருக்குக் கடிதம் போட ஆரம்பித்தாள். இப்போதெல்லாம் அவள் மெதுவாக வாசிக்கிறாள் சுலோ.

இந்தக் கடிதம் வருகிற இதழில் வரப்போகிறது. மற்றதையெல்லாம் ஜோதி வாசிப்பாள். இதை மட்டும் திங்கட்கிழமை அவருக்கு நானே வாசிக்கிறேன். அந்தத் தபால் அட்டை வரும்போது என் குரல் கொஞ்சம் தடுக்கும். தடுக்கட்டும். எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவேன், அதை மட்டும் அவரே சொன்னாலும் எடுக்க மாட்டேன். இன்னொன்றும் சத்தியமாகச் சொல்கிறேன்: நான் இருக்கிறவரை உன் பேரில் அந்த வீட்டுக்குப் போகிற இதழ் ஒன்றுகூட இனிப் பிரிக்காமல் கிடக்காது. மெதுவாகவே வாசிக்கிறேன். உனக்கும் கேட்கும் இல்லையா?

கூடப் பிறக்காவிட்டாலும் உனக்கு என்றைக்கும் சேச்சியான,
தங்கமணி
மட்டாஞ்சேரி