முன்னால் மாட்டிய கம்பி

ஜனவரி 6, திங்கள்

எந்த வண்டி வாங்கலாம் என்று யோசனை சொல்கிற என் கடையைத் திறக்கும்போதே நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வாசலில் நின்றார். "ஏனுங்க, ஏழு சீட்டு வண்டி எடுக்கறதா, லோடு வண்டி எடுக்கறதா? நீங்களே ஒப்பிட்டுச் சொல்லிப்போடுங்க." வீட்டில் எத்தனை பேர் என்றேன். மூன்று பேராம். தேங்காய் ஏற்றவே வழியில்லாமல் வாடகை வண்டிக்கு அலைகிறவருக்கு ஏழு சீட்டு எதற்கு? "சம்பந்தி வாங்கிட்டாருங்க." எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சம்பந்திக்காக வண்டி வாங்குகிறவர்கள் சம்பந்தியிடமே கேட்டுக்கொள்ளலாமே, திண்டுக்கல் நாகல் நகர் வரை எதற்கு வர வேண்டும்? லோடு வண்டி என்று எழுதிக் கொடுத்தேன்.

போகும்போது எல்லாரும் கேட்பதை அவரும் கேட்டார். பம்பருக்கு முன்னாடி இரும்புக் கம்பி மாட்டலாமா? ஆறு வருடமாகச் சொல்வதையே சொன்னேன். மாட்டாதீர்கள், இடிக்கிற அடியை அந்தக் கம்பி வாங்கி வேறு பக்கம் அனுப்பிவிடும், ஏர்பேக் நேரத்துக்கு விரியாமல் போகலாம், உயிர் போகும். யூடியூபில் நான் போடுகிற எல்லா வீடியோவும் இந்த வார்த்தையில்தான் முடியும்.

மதியம் தங்கச்சி புருஷன் உடையப்பன் போன் செய்தான். பூ மார்க்கெட்டில் நாலு பேர் முன்னால் இறங்குகிற மாதிரி பெரிய வண்டி வேண்டுமாம். "பொம்பள சொல்லி வண்டி எடுக்குறதான்னு இருக்கு மதினி. ஆனாலும் நீங்க வீட்டு ஆளு." பவித்ராவிடம் கொடு என்றேன். குளிக்கிறாள் என்றான். போன வாரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜனவரி 8

பவித்ரா பேசினாள். குரல் மூக்கால் வந்தது. சளி என்றாள்.

ஜனவரி 11, சனி

மூன்று வண்டி ஓட்டிப் பார்த்தோம். அவன் ஓட்ட, பவித்ரா பக்கத்தில், நான் பின்னால் நோட்டோடு.

முதல் வண்டி: இன்ஜின் இரைச்சல், பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது. இரண்டாவது: கிளட்ச் லேசு, பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லை. மூன்றாவது: கண்ணாடி ஏற்றினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்சத்தமும் வெளியே போகாது.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஷோரூம் வாசலுக்குத் திரும்பி வரும்போது பவித்ரா, "பாத்துங்க, பைக்கு வருது" என்றாள். அவ்வளவுதான். கியரில் இருந்த அவன் இடது கை புறங்கையாக அவள் வாயில் விழுந்தது. எனக்கென்னவோ பலகையில் அடித்த மாதிரி கேட்டது. நாலடி தள்ளி வெளியே நின்ற விற்பனையாளர் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பவித்ரா திரும்பிக் கையைப் பிடித்தாள். அவன் கையை இல்லை, என் கையை. உதட்டில் ரத்தம், கண்ணில் கெஞ்சல். விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்?

"இதுதான் நம்ம வண்டி" என்று மூன்றாவதைத் தட்டிக் கொடுத்தான்.

ஜனவரி 14, பொங்கல்

இருவரும் வந்தார்கள். பவித்ரா முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். அடுக்களையில் விலக்கிப் பார்த்தேன், நாலு விரலும் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "புது வண்டி வந்தா மனசு மாறிருவாப்ல, பேசாம இரு."

வண்டி வந்தால் மனுசன் மாறுவானா? இத்தனை வண்டி ஒப்பிட்டிருக்கிறேன், அப்படி ஒரு வசதி எதிலும் இல்லை. கரும்பு வெட்டுகிற அரிவாளைக் கழுவிக் கூர் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. டயருக்கு எலுமிச்சை, கண்ணாடிக்குச் சந்தனம், மாலை எல்லாம் ஆனது. உடையப்பன் என் பக்கம் வந்து நின்றான்.

"மதினி, முன்னாடி இரும்புக் கம்பி ஒன்னு மாட்டணும். இவளும் அதான் கேக்குறா. கம்பி இருந்தாத்தான் வண்டிக்கு அழகாம். என்ன சொல்றீக?"

பவித்ரா எலுமிச்சை நசுங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு எப்போதிருந்து வண்டி அழகில் அக்கறை?

"மாட்டுங்க. கம்பீரமா இருக்கும்" என்றேன்.

ஜனவரி 25

நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். யாரிடமாவது எழுதிக் கொடுத்திருக்கிறேனா, எல்லாருக்கும் சொல்லியே தீருவேன் என்று? அவன் வேகமாக ஓட்டுகிறவன். பெல்ட் போடமாட்டான். அதெல்லாம் நானா சொல்லிக் கொடுத்தேன்?

சாகட்டும். எழுதிவிட்டேன். சாகட்டும்.

பிப்ரவரி 12

பவித்ராவின் இடது மணிக்கட்டு எலும்பு உடைந்திருக்கிறது. குளியலறையில் வழுக்கினாளாம். மாவுக்கட்டு போட்ட டாக்டரிடமும் அதையே சொன்னாளாம். அவன்தான் வண்டியில் கூட்டிப் போயிருக்கிறான், பொறுப்பாக.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று அவன் வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு முன்னால் வண்டி. முன்னால் ஆள் உயரத்தில் பாதிக்குக் கறுப்புக் கம்பி, அதில் மிளகாயும் எலுமிச்சையும் கோத்த கயிறு. கண்ணாடிக்குப் பின்னால், முன்சீட்டில், மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பவித்ரா.

அவள் அங்கேதானே உட்காருவாள். புருஷன் பக்கத்தில். அன்றைக்கு மூன்று வண்டியிலும் அங்கேதானே உட்கார்ந்தாள், நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதானே வந்தேன். எத்தனை குடும்பத்துக்கு எந்தச் சீட்டில் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். என் தங்கச்சிக்கு மட்டும் எனக்குத் தெரியவில்லையா? பாவி. நான் பாவி.

பிப்ரவரி 19, புதன்

பையில் ஸ்பேனரோடு வத்தலக்குண்டுக்கு, பவித்ரா வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். உடையப்பன் மார்க்கெட்டில் இருக்கிற நேரம். வண்டி வீட்டு வாசலில் நின்றது, காலையில் டெம்போவில் போய்விடுவானாம். குனிந்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

"கழட்டாதக்கா." பவித்ரா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு. இது இருந்தா ஏர்பேக்…"

"விரியாது. தெரியும்க்கா. உன் வீடியோ ஒன்னு விடாம பாக்குறேன். அதுக்குத்தான் மாட்டச் சொன்னேன்."

கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. "கிறுக்கி, நீயும்ல முன்னாடி உக்காருற?"

"உக்காந்தா என்ன?"

சோற்றுக்கு இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரலுக்காகவே அவளைக் கன்னத்தில் அறைந்தேன். நானும் அடித்தேன். என்னையும் எழுதி வைக்க வேண்டும். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன், அவள் அழவில்லை.

துணி எடுத்துவை என்றேன். பை கட்டுவதற்குள் டெம்போ வந்து நின்றது. உடையப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முடியைப் பிடித்து இழுத்து வண்டிக் கதவில் மோதினான், ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவதுக்கு முன்னால் ஸ்பேனரை அவன் முட்டியில் ஓங்கி அடித்தேன். அலறினான். உட்கார்ந்துவிட்டான். தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், ஒருவரும் வரவில்லை. பவித்ராவை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

"வாரேன்டி, ரெண்டு பேரையும் கொல்றேன்" என்று பின்னால் கத்தினான்.

திண்டுக்கல் வந்த பிறகுதான் நினைவு வந்தது. ஸ்பேனர் என் பையில், கம்பி அவன் வண்டியில். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 22, சனி

வந்தான்.

காலை பதினோரு மணி. நானும் பவித்ராவும் கடைக்குள். முதலில் என் ஸ்கூட்டர் நசுங்கிய சத்தம். எட்டிப் பார்த்தபோது வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான், எதிரே வாஜித் பாயின் பஞ்சர் கடை வரைக்கும். அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தான். கத்திக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. பவித்ராவைப் பின்பக்கம் தள்ளினேன்.

ஷட்டரைக் குறிவைத்தவன் கான்கிரீட் தூணில் மோதினான். தூண் பிளந்தது. கம்பிக்கு ஒரு வளைசல் மட்டும். அவன் நெஞ்சு ஸ்டீயரிங்கில், முகம் கண்ணாடியில். வெள்ளையாக ஒன்றும் விரியவில்லை. கண்ணாடி முழுக்கச் சிவப்பு. ஹாரன் நிற்காமல் அடித்தது.

நான் நின்றேன். கையில் போன் இருந்தது. வாஜித் பாய் லீவரால் கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறந்து அவனை இழுத்துப் போட்டுவிட்டு, "போன் போடும்மா, என்ன பாத்துட்டு நிக்கிற" என்று அதட்டிய பிறகுதான் 108-ஐ அழைத்தேன். அதுவரை எவ்வளவு நேரம்? தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

பிப்ரவரி 25

செத்துவிட்டான். பவித்ரா அவன் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அழுதாள். எனக்கு அவளைப் புரியவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 27

விசாரிக்க வந்த ஏட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏர்பேக் உள்ள வண்டிங்கிறாங்க. ஏன் விரியல?"

"முன்னாடி கம்பி இருந்துச்சு சார்."

"நீங்கதான எல்லாத்துக்கும் வேணாம்னு சொல்றவுக. எங்க வீட்டுலயும் பாப்பாங்க. சொந்தத் தங்கச்சி மாப்ளகிட்டச் சொல்லலையா?"

"சொன்னா கேக்குற ஆளா சார் அவரு?"

தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

தூணைப் பூசி முடித்தாயிற்று. பவித்ராவின் மாவுக்கட்டு பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. நோட்டில் கட்டம் போட்டு, மைலேஜ், டயர், சர்வீஸ் எல்லாம் அவளே எழுதுகிறாள்.

இன்று சின்னக்கண்ணு என்று ஒருவர் பெண்சாதியோடு வந்தார். முருங்கைக்காய் வியாபாரம். இரண்டு வண்டியை ஒப்பிட்டுச் சொன்னேன், திருப்தி. எழுந்தவர், "முன்னாடி கம்பி ஒன்னு மாட்டிக்கலாம்ல?" என்றார்.

வாயைத் திறந்தேன். உடையப்பனிடம் விழுங்கிய அன்றிலிருந்தே அந்த வாக்கியம் எனக்கு வருவதில்லை, வீடியோவிலும் விட்டுவிட்டேன்.

"முன்சீட்டுல யாரு உக்காருவா?" என்று பவித்ரா கேட்டாள்.

"நாந்தாம்மா, வேற யாரு" என்றது அந்த அம்மா.

பவித்ரா நோட்டை வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தாள். மணிக்கட்டு இரண்டையும் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். புருஷன் கையை நீட்டிப் பையை வாங்கியபோது அந்த அம்மா தோளைக் குறுக்குகிறதா என்று பார்த்தாள். குறுக்கவில்லை.

"வேணாங்கய்யா, மாட்டாதீங்க. ஏர்பேக் விரியாது" என்றாள்.

அவள் பார்த்து முடிக்கிறவரை நானும் பேசாமல்தான் இருந்தேன்.