நூற்றுப்பத்தில் போனால் தேநீர்

24 ஏப்ரல் 2025, வியாழன்

வாராவாரம் புதன்கிழமை கோலாலம்பூர் போய்ப் பயிற்சி, வியாழன் மாலை ஜொகூர் பாரு திரும்புதல். இன்னும் ஒரு மாதத்துக்கு இதே பாடுதான். கம்பெனி எங்கள் மூவரையும் ஒரே காரில் அடைத்து அனுப்புகிறது. கார் ரூபேந்திரனுடையது, மின்சாரக் கார். முன் இருக்கை கணக்குப் பிரிவு யோகேஸ்வரி அக்காவுக்கு. பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றுமாம். வண்டி கிளம்பும்போது திறக்கும் வாயை, இறங்கும்போதுதான் மூடுவார். பின் இருக்கையில் நான். ரூபேந்திரனின் பின்னந்தலை எனக்கு மனப்பாடம்.

திரும்பும் வழியில் பாகோ ஓய்விடத்தில் சார்ஜ் போட நின்றோம். அக்கா கெரோப்போக் வறுவல் வாங்கப் போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும் தே தாரேக் குடித்தோம், நுரை பொங்க ஆற்றிய தேநீர். என்ன பேசுவார் என்று பார்த்தால், காற்றைப் பற்றிப் பேசுகிறார்!

"வேகம் கூடுனா காத்து ரொம்ப எதிர்க்கும் சந்திரா. அதைத் தள்ளியே பேட்டரி தீர்ந்துடும். தொண்ணூறுல வந்திருந்தா எங்கயும் நிக்காம வீட்டுக்குப் போயிருக்கலாம். நூத்திப்பத்துல வந்தேன்ல, அதான் நிக்க வேண்டியதாச்சு."

அப்படியா சேதி! தொண்ணூறு என்றால் வீடு வரை அக்கா. நூற்றுப்பத்து என்றால் தேநீர்.

8 மே, வியாழன்

அக்கா: "மெதுவா போங்க தம்பி. எதுக்கு வழியில நின்னுக்கிட்டு?"

நான், பின்னாலிருந்து: "அலமாக், கோழி லாரி கூட நம்மள முந்திப் போகுது!"

ரூபேந்திரன் மானஸ்தர். உடனே மிதித்தார். பாகோவில் தேநீர்.

இன்று காற்று இல்லை, சொந்தக் கதை. அவர் பெக்கான் நானாஸ்காரர். சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டாராம். அப்பாவும் மகனும் மாறி மாறிச் சமைத்தே இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறார்கள். "எங்க வீட்டு ரசத்தைக் குடிச்சா எங்க வீட்டுப் பக்கமே வரமாட்டீங்க" என்றார். வரமாட்டேன் என்று யார் சொன்னது?

9 மே

கோழி லாரியை வைத்து ஒரு மனுஷனைக் கிளப்பிவிடுவது பாவமா? — இல்லை.

22 மே, வியாழன்

எங்கள் ஊர் பாலோவிலிருந்து அம்மா போன் செய்தார். ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தைப்பிங்கிலிருந்து ஒருவர் பெண் பார்க்க வருகிறாராம். "நல்ல இடம்மா, உனக்கும் முப்பத்துநாலு ஆச்சு" — வயதை நானே மறந்தாலும் அம்மா விடமாட்டார்.

பாகோவில் ரூபேந்திரனிடம் சொன்னேன். சாதாரணமாகச் சொல்வது போல்தான் சொன்னேன்.

"ஓ" என்றார். சார்ஜரைத் திரும்பிப் பார்த்தார். "எண்பது பர்சண்ட் ஏறியாச்சு. போலாமா?"

போலாமாவாம்! கல்லுளிமங்கன். காத்தப் பத்தி அவ்வளவு பேசுனாரே, இதுக்கு ஒரு வார்த்தை வரலயா? நானே சொல்லியிருக்கலாம்தான். எனக்கும்தானே வாய் வரல. அறைக்கு வந்து அழுதேன்.

இன்னும் ஒரே ஒரு பயணம். அடுத்த வியாழன் பாகோவில் நான் கேட்டுவிடுவேன்.

29 மே, வியாழன்

கிளம்பும்போதே தலையில் கல்லைப் போட்டார். "ஸ்கூல் லீவு. சார்ஜருக்கு வரிசையா காருங்க நிக்கும். தொண்ணூறுலயே போயிடலாம்."

கோழி லாரி முந்தியது. எண்ணெய் லாரி முந்தியது. பழைய வேன் ஒன்று புகை கக்கிக்கொண்டு முந்தியது. ஒவ்வொன்றையும் சொல்லிக் காட்டினேன். சிரித்தாரே தவிர மிதிக்கவில்லை. மானம் எங்கே போனது? ஏர்கோனைக் கூட்டச் சொன்னேன். கைப்பேசியைச் சார்ஜில் மாட்டினேன். கடைசியில் கண்ணாடியை இறக்கினேன் — காற்றே, நீயாவது வந்து தடு!

"கண்ணாடிய ஏத்து லா, என் முடியெல்லாம் போச்சு!" அக்கா கத்தினார்.

பாகோ பலகை வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினார்.

"எங்க போறோம்?"

"பாலோவுக்கு. அங்க சார்ஜர் கிடையாது. போய்ட்டு ஜொகூர் பாரு திரும்பணும்னா, மிச்சம் வெச்சுத்தான் ஓட்டணும்."

"பாலோல யாரைப் பாக்க?"

"உங்கம்மாவ."

அக்கா முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "தம்பி போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டாரு. பொண்ணு கேக்கப் போனா வீட்டுப் பொம்பளைன்னு ஒருத்தி வேணாமா? அதுக்குத்தான் நான். உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லு சந்திரா. யூடர்ன் அடிச்சிடலாம்."

ரூபேந்திரனின் பின்னந்தலை வியர்த்திருந்தது. அவ்வளவு ஏர்கோனிலும்.

நான் கண்ணாடியை ஏற்றினேன். ஏர்கோனைக் குறைக்கச் சொன்னேன். கைப்பேசியைக் கழற்றினேன்.

"இன்னும் மெதுவா போங்க" என்றேன். "சார்ஜ் தீர்ந்துடப் போகுது."

12 ஜூலை, சனி

கூறைப்புடவை எடுக்கக் கோலாலம்பூர் போனோம். அம்மாவும் வந்தார். கல்யாணத்துக்கு முன் எங்களைத் தனியாக அனுப்புவாரா என்ன? பின்னால் உட்கார்ந்தால் அம்மாவுக்கும் தலை சுற்றுமாம். எனக்குப் பழைய இடம்தான்.

திரும்பும் வழியில் அம்மா கேட்டார்: "மெதுவா ஓட்டுனா வழியில எங்கயும் நிக்க வேணாமாமே மாப்பிள்ளை, அப்படியா?"

"ஆமா அத்தை" என்றார். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். நூற்றுப்பத்துக்கு ஏறினார்.