தேன்கூடு போட்ட கைப்பிடி

மார்கழி 9, புதன்.

சாமை தூற்றும் மிஷினைச் சுற்ற நான் 3டி பிரிண்டரில் செய்து கொடுத்த கைப்பிடி இன்று உடைந்துவிட்டது. சின்னசாமி இரண்டு துண்டுகளையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். இந்த மலையில் என் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அவன்தான்.

"இன்னாய்யா இது, உள்ள பூரா ஓட்டையா கீது? பிளாஸ்டிக்க மிச்சம் புடிச்சி என் தலைல கட்டிட்டியா?"

"ஓட்ட இல்லய்யா, தேன்கூடு மாதிரி கட்டம். கனம் கொறையும், பலம் கொறையாதுன்னு வேணும்னுதான் வெச்சேன்."

"அப்ப தேன் எங்கய்யா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் போய்விட்டான்.

பிறகு துண்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கட்டங்கள் நசுங்கவே இல்லை. வளைகிற இடத்தில் வெளிச்சுவர்தான் பிளந்திருக்கிறது. அந்தச் சுவருக்கு இரண்டு சுற்று பிளாஸ்டிக் போதும் என்று நான் நினைத்தது தப்பு. அதை அவனிடம் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏமாற்றுக்காரன் என்றவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

வெளிச்சுவருக்கு ஐந்து சுற்று வைத்து, புதிய கைப்பிடி பிரிண்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே அதே தேன்கூடுதான். நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். வேண்டுமென்றால் அவனே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

டீத்தூள் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு பேருக்கு வரும்.